படைத்துறைப் பயணப்படி (இந்தியா)

படைத்துறைப் பயணப்படி என்பது இந்தியத் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும், விதிகள் குறிப்பிடும் அளவில் அவர்களின் குடும்பத்தினருக்கும், பயணச் செலவையும் உடைமைகளைக் கொண்டுசெல்லும் செலவையும் அரசே ஏற்கும் ஏற்பாடு ஆகும். இச்செலவு சில வேளைகளில் பணமாகவும், சில வேளைகளில் கட்டணமற்ற பயணச்சீட்டாகவும், சில வேளைகளில் கட்டணச் சலுகையாகவும் வழங்கப்படுகிறது. பாதுகாப்பு அமைச்சகம் வெளியிடும் பயண விதிமுறைகள் என்னும் தொகுப்பு இதற்கு அடிப்படையாகும். ஊதியக் குழுக்களின் பரிந்துரைகளை ஒட்டி அத்தொகுப்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. 7ஆம் ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அமைந்த படித்தொகைகள் 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 8ஆம் ஊதியக் குழுவை அமைக்க மத்திய அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

பயணப்படியும் போக்குவரத்துப்படியும் ஒன்றல்ல. வீட்டிலிருந்து பணியிடத்திற்கு நாள்தோறும் சென்று வருவதற்காக மாத ஊதியத்துடன் தரப்படுவது போக்குவரத்துப்படி. பணியின் பொருட்டோ, இடமாற்றத்தின் பொருட்டோ, விடுப்பின் பொருட்டோ ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதற்குத் தரப்படுவது பயணப்படி. போக்குவரத்துப்படி நகரத்தைப் பொறுத்தும் மாறும். கூடுதல் விகிதம் பெறும் 19 நகரங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை சென்னையும் கோயம்புத்தூரும் மட்டுமே. இக்கட்டுரை பயணப்படியைப் பற்றியது.

படி என்னும் சொல்

தமிழில் படி என்பது முதலில் ஒரு முகத்தலளவை. நாள் உணவுக்கு அளந்து கொடுக்கப்படும் தானியத்திற்கும், பின்னர் அதற்கு ஈடான காசுக்கும் அப்பெயர் ஆகிவந்தது. படியளத்தல் என்னும் வழக்கு இன்றும் பேச்சில் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் படைவீரரின் களப்படி 'பத்தா' எனக் குறிக்கப்பட்டது. நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்தும் கருத்து ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் காணப்படுகிறது. வண்டி ஓட்டுநர்களுக்குத் தரப்படும் 'பேட்டா' இச்சொல்லின் இன்றைய வடிவமே. பயணப்படி, பஞ்சப்படி, அகவிலைப்படி, தினப்படி ஆகிய அரசு அலுவலகச் சொற்களில் வரும் படியும் உணவுக்கு அளந்த தானியத்தில் தொடங்கியதே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

வரலாறு

கம்பெனிப் படையில் களப்படி சிறிய விவகாரமாக இருக்கவில்லை. வங்காளப் படை அலுவலர்கள் பெற்றுவந்த இரட்டைப் படியை இராபர்ட் கிளைவ் 1766இல் நிறுத்தியபோது, ஆங்கிலேய அலுவலர்கள் பலர் ஒரே நேரத்தில் பதவி விலகுவதாக அச்சுறுத்தினர். முங்கேர் இக்கிளர்ச்சியின் முக்கியக் களமாக இருந்தது. 1828இல் பெண்டிங்கு பிரபு காலத்தில் கல்கத்தாவை அடுத்த நிலையங்களில் படி பாதியாகக் குறைக்கப்பட்டது. அலுவலர்களிடையே இது நெடுங்காலம் மனக்கசப்பை உண்டாக்கியது.

இந்திய வீரர்களுக்கு இது வயிற்றுப்பாட்டோடு தொடர்புடையது. சிந்துப் பகுதி 1843இல் கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்டது. அதுவரை அயல்நாட்டுப் பணியாகக் கருதப்பட்டு வழங்கப்பட்ட கூடுதல் படி, சிந்து இப்போது சொந்த ஆட்சிப்பகுதி ஆகிவிட்டது என்ற காரணத்தைக் காட்டி நிறுத்தப்பட்டது. தொலைவும் வெயிலும் நோயும் முன்போலவே இருக்க, படி மட்டும் மறைந்தது. வங்காளப் படைப்பிரிவுகள் சில அங்கே செல்ல மறுத்தன. அவற்றிற்கு மாற்றாகச் சென்னை மாகாணப் படையின் 47ஆம் காலாட்படைப் பிரிவு 1844இல் அனுப்பப்பட்டது. ஆளுநர் டுவீடேல் உறுதியளித்த படி கிடைக்காது என்பது பம்பாயில் தெரியவந்ததும் அப்பிரிவிலும் கலகம் மூண்டது. சென்னைப் படை வீரர்கள் குடும்பத்தோடு இடம்பெயர்வது அக்காலத்து வழக்கம். கணவன் தொலைவிடம் செல்லும்போது மனைவி மக்களை யார் செலவில் கொண்டுசெல்வது, எங்கே விடுவது என்னும் கேள்வி அவர்களுக்கு ஏனைய மாகாணப் படையினரைவிடக் கூடுதலாகவே இருந்தது. இன்றைய விதிகளில் குடும்பம், உடைமை, குடியிருப்புக்குத் தெரிவு செய்த இடம் ஆகியவற்றிற்குத் தனித்தனிப் பிரிவுகள் இருப்பதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

தகுதி உடையோர்

முப்படைகளின் அலுவலர்களும், இளநிலை ஆணை அலுவலர்களும், ஏனைய தரவரிசை வீரர்களும் படைத்துறைப் பயண விதிமுறைகளின் கீழ் வருவர். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய சேமக் காவல் படை போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினர் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பதால் இவ்விதிமுறைகள் அவர்களுக்குப் பொருந்தா. அவர்களுக்கு மத்திய அரசின் குடிமைப் பணியாளர் விதிகளும் உள்துறையின் தனி ஆணைகளும் உண்டு. ஊர்ப்புறங்களில் சீருடை அணிந்த அனைவரையும் 'மிலிட்டரிக்காரர்' என்றே அழைப்பதால், ஒருவருக்குக் கிடைத்த சலுகை மற்றவருக்குக் கிடைக்காதபோது குழப்பம் ஏற்படுகிறது. பெரும்பாலும் அதன் காரணம் இந்த அமைச்சக வேறுபாடே.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்கீழ் நான்கு ஆண்டுகளுக்குச் சேரும் அக்னிவீரர்களுக்கு அகவிலைப்படியும் படைப்பணி ஊதியமும் இல்லை. எனினும் இடர்ப்படி, உடைப்படி ஆகியவற்றுடன் பயணப்படியும் அவர்களுக்கு உரியது என அரசு அறிவித்தது. அவர்களின் ஆண்டு விடுப்பு 30 நாள்.

குடும்பம் என்பதற்கு விதிகள் தரும் பொருள் வழக்கில் உள்ள பொருளைவிடக் குறுகியது. கணவன் அல்லது மனைவி, சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோர் முதலில் வருவர். பெற்றோரும் சில உறவினரும் முழுமையாகச் சார்ந்து வாழ்ந்தால் மட்டுமே சேர்க்கப்படுவர். பெற்றோரின் சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் என்ற வரம்பைத் தாண்டினால் அவர்கள் சார்ந்தோர் ஆகமாட்டார்கள். விடுப்புப் பயணச் சலுகையில் இரு பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் உண்டு. 1998 அக்டோபர் 20க்கு முன் பிறந்தோருக்கும், முதல் பிள்ளைக்குப் பின் ஒரே பேற்றில் பிறந்த இரட்டையருக்கும் இவ்வரம்பு இல்லை. பிள்ளை பிறப்பு, திருமணம் போன்றவை படைப்பிரிவின் பதிவேட்டில் ஏறினால்தான் கணக்கில் கொள்ளப்படும். திருமணம் முடிந்தும் பதிவு செய்யாத வீரரின் மனைவி, விதிகளைப் பொறுத்தவரை பயணத் தகுதி அற்றவரே.

பயணத்தின் வகுப்பு

எந்த வகுப்பில் செல்லலாம் என்பதை ஊதிய நிலை முடிவு செய்கிறது. சிப்பாய் 3ஆம் நிலை, நாயக் 4ஆம் நிலை, ஹவில்தார் 5ஆம் நிலை, நாயிப் சுபேதார் 6ஆம் நிலை, சுபேதார் 7ஆம் நிலை, சுபேதார் மேஜர் 8ஆம் நிலை. அலுவலர்கள் 10ஆம் நிலையில் லெப்டினண்டாகத் தொடங்குகின்றனர்.

5ஆம் நிலையும் அதற்குக் கீழும் உள்ளோர் முதல் வகுப்பிலோ மூன்றடுக்கு ஏசியிலோ ஏசி இருக்கை வகுப்பிலோ செல்லலாம். 6 முதல் 11 வரையிலான நிலையினர் இரண்டடுக்கு ஏசியிலோ விமானத்தின் சாதாரண வகுப்பிலோ செல்லலாம். அதற்கு மேற்பட்டோருக்கு முதல் வகுப்பு ஏசி. 14ஆம் நிலைக்கும் (மேஜர் ஜெனரல்) அதற்கு மேலும் விமானத்தின் உயர்வகுப்பு உண்டு. படைத்துறையில் மட்டும் காணப்படும் 5ஏ என்னும் நிலை பயணத் தகுதியில் 6ஆம் நிலையோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

பணிநிமித்தப் பயணத்தில் தங்குமிடத்திற்கும் உணவுக்கும் தினப்படி உண்டு. 2017 விகிதப்படி 5ஆம் நிலைக்கும் கீழும் உள்ளோருக்கு அறை வாடகை நாளொன்றுக்கு 450 ரூபாய் வரையும் உணவுக்கு 500 ரூபாய் வரையும் கிடைக்கும். 14ஆம் நிலையினருக்கு இவை முறையே 7,500 ரூபாயும் 1,200 ரூபாயும் ஆகும். தலைமையிடத்திலிருந்து 6 மணி நேரத்திற்குக் குறைவாக வெளியே இருந்தால் உணவுத் தொகையில் 30 விழுக்காடு, 6 முதல் 12 மணி நேரம் எனில் 70 விழுக்காடு, அதற்கு மேல் முழுத்தொகை. 450 ரூபாய்க்கு எந்த நகரத்தில் அறை கிடைக்கும் என்பது நியாயமான கேள்வியே. நடைமுறையில் வீரர்கள் பெரும்பாலும் இடைத்தங்கல் முகாம்களையே நம்பியுள்ளனர்.

இடமாற்றமும் ஓய்வும்

நிலையான இடமாற்றத்தின்போது நான்கு வகைச் செலவுகள் ஏற்கப்படுகின்றன: வீரருக்கும் குடும்பத்திற்கும் பயணக் கட்டணம், இடமாற்ற மானியம், வீட்டு உடைமைகளைக் கொண்டுசெல்லும் செலவு, வாகனத்தைக் கொண்டுசெல்லும் செலவு.

இடமாற்ற மானியம் கடைசி மாத அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு. அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவு ஆகியவற்றிற்குச் செல்லும்போதும் அங்கிருந்து வரும்போதும் 100 விழுக்காடு. புதிய இடம் 20 கி.மீ.க்குள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கிடைக்கும். அதற்கும் வீடு உண்மையாகவே மாறியிருக்க வேண்டும். இக்கணக்கில் படைப்பணி ஊதியம் சேர்க்கப்படுவதில்லை. கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்து, இருவரின் இடமாற்றமும் 60 நாளுக்குள் அமைந்தால், பின்னர் மாற்றப்படுபவருக்கு மானியம் கிடையாது.

உடைமைகளைப் பொறுத்தவரை 6ஆம் நிலையும் மேலும் உள்ளோர் 6,000 கிலோ வரையும், 5ஆம் நிலையினர் 3,000 கிலோ வரையும், 4ஆம் நிலையும் கீழும் உள்ளோர் 1,500 கிலோ வரையும் கொண்டுசெல்லலாம். சாலை வழியாக அனுப்பினால் கிலோமீட்டருக்கு முறையே 50, 25, 15 ரூபாய் என்பது 2017 விகிதம். அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டும்போது இது 25 விழுக்காடு உயரும் என்று ஆணையிலேயே கூறப்பட்டுள்ளது. 2024 ஜனவரி 1 முதல் அகவிலைப்படி அந்த அளவை எட்டியது. எவ்வாறாயினும் உண்மையில் செலவான தொகைக்கு மேல் கிடைக்காது. 6ஆம் நிலையினரும் மேலும் உள்ளோரும் ஒரு மகிழுந்தையோ ஒரு இருசக்கர வண்டியையோ அரசு செலவில் கொண்டுசெல்லலாம். 5ஆம் நிலைக்கும் கீழும் இருசக்கர வண்டி மட்டும்.

களப்பகுதிக்கு மாற்றப்படும் வீரர் குடும்பத்தை உடன் கொண்டுசெல்ல இயலாது. அந்நிலையில் அவர் தெரிவு செய்யும் ஓர் ஊருக்குக் குடும்பத்தையும் உடைமைகளையும் அனுப்ப விதி இடமளிக்கிறது. ஓய்வுபெறும்போதும் சொந்த ஊருக்கோ, குடியேற விரும்பும் வேறு ஊருக்கோ இவ்வுரிமை உண்டு.

கணக்குக் கேட்பதற்குக் காலக்கெடு உள்ளது. பயணப்படிக் கோரிக்கையை அளிக்க ஓராண்டு என்றிருந்த கெடுவை நிதி அமைச்சகம் 2018 மார்ச்சில் 60 நாளாகக் குறைத்தது. ஓய்வுபெறுவோருக்கு 60 நாள் போதாது என்ற முறையீடுகளுக்குப் பின் 2021 ஜூனில் அவர்களுக்கு மட்டும் 180 நாளாக உயர்த்தியது.

விடுப்புப் பயணம்

இளநிலை ஆணை அலுவலர்களுக்கும் வீரர்களுக்கும் ஆண்டு விடுப்பில் வீடு சென்று திரும்ப ஆண்டிற்கு ஒருமுறை கட்டணமற்ற பயணம் உண்டு. குடிமைப் பணியாளருக்கு இது இல்லை. அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சொந்த ஊர், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தியாவின் எப்பகுதி என்ற சுற்றில் செல்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதியைக் குடும்பத்தைப் பிரிந்து கழிக்கும் பணி என்பதால் படைவீரருக்கு இத்தனி உரிமை அளிக்கப்பட்டது. இதைத் தவிர, 'டி படிவம்' எனப்படும் சலுகைச் சீட்டைக் கொண்டு கட்டணத்தின் ஒரு பகுதியை மட்டும் செலுத்திப் பயணம் செய்யும் வசதியும் உள்ளது.

சொந்த ஊர் எது என்பது பணிப்பதிவேட்டில் உள்ளபடியே கொள்ளப்படும். வீரரின் பெற்றோர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டாலும், பதிவேட்டை மாற்றாதவரை பழைய ஊரே அவருக்குச் சொந்த ஊர்.

வாரண்டும் மின்பதிவும்

நீண்ட காலமாகப் படைவீரர் பயணத்தின் அடையாளமாக இருந்தது 'வாரண்டு' என்று அவர்கள் அழைக்கும் ரயில் ஆணைச்சீட்டு. ஐஏஎஃப்டி 1752 என்பது அதன் படிவ எண். படைப்பிரிவின் அலுவலர் கையொப்பமிட்டுத் தரும் இச்சீட்டை ரயில் நிலையத்தில் கொடுத்துப் பயணச்சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். ரயில்வே பின்னர் அத்தொகையைப் பாதுகாப்புத் துறையிடம் பெற்றுக்கொள்ளும். காணாமற்போதல், இருமுறை பயன்படுத்தல், கணக்குத் தீர்வில் ஆண்டுக்கணக்கான தாமதம் ஆகியவை இம்முறையின் குறைகள்.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாதுகாப்புக் கணக்குத் துறை பாதுகாப்புப் பயண முறைமை என்னும் மின்பதிவு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதில் ஒவ்வொரு வீரரின் ஊதிய நிலை, குடும்ப விவரம், சொந்த ஊர், பயன்படுத்திய பயணங்கள் ஆகியவை முன்கூட்டியே பதிந்திருக்கும். தகுதியைக் கணினியே சரிபார்த்துப் பயணச்சீட்டை வழங்கும். விமானச்சீட்டும் பின்னர் இதில் சேர்க்கப்பட்டது. எழுத்தரின் தாராளத்தையோ கண்டிப்பையோ சார்ந்திருந்த பல முடிவுகள் இதனால் ஒரே சீராயின. அதே வேளையில், பதிவில் உள்ள பிழை திருத்தப்படும்வரை உரிமை உள்ளவருக்கும் சீட்டு கிடைக்காது.

வாரண்டுக்கும் இருக்கை உறுதிக்கும் தொடர்பு இல்லை என்பது பலர் அறியாத ஒன்று. வாரண்டு கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்கிறது. இடம் கிடைப்பது முன்பதிவைப் பொறுத்தது. சில தொடர்வண்டிகளில் படைத்துறை ஒதுக்கீடு உண்டு. சென்னை சென்ட்ரல் போன்ற பெரிய நிலையங்களில் படைநகர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் இதைக் கவனிக்கிறது. பொங்கல், தீபாவளிக் காலங்களில் திடீரென விடுப்பு அனுமதிக்கப்பட்ட வீரர், மூன்றடுக்கு ஏசிக்குத் தகுதி இருந்தும், முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு இரவுகள் நின்றுகொண்டு வருவது அரிதன்று.

பொய்க்கணக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. பயணம் செய்யாமலேயே தொகை கோருதல், குடும்பத்தினர் அல்லாதவரைக் குடும்பத்தினராகக் காட்டுதல் போன்றவை 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டத்தின் 52, 57 ஆகிய பிரிவுகளின் கீழ் படை நீதிமன்ற விசாரணைக்கு வழிவகுக்கலாம். தொகை சிறிதென்பது பாதுகாப்பாகாது. நீண்ட பணிக்காலமும் ஓய்வூதியமும் ஒரு பயணச்சீட்டால் பாதிக்கப்படக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டத்தில் அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்துள்ள இருக்கன்குடி, மாரியம்மன் கோயிலால் அறியப்படும் ஊர். ஊருக்கென ரயில் நிலையம் இல்லை. மதுரை - திருநெல்வேலிப் பாதையில் உள்ள சாத்தூரே அண்மை நிலையம். எனவே இவ்வூரைச் சேர்ந்த வீரரின் வாரண்டு சாத்தூர் வரை எழுதப்படும். அங்கிருந்து ஏறக்குறைய 8 கி.மீ. தொலைவைச் சாலை வழியாகக் கடக்க வேண்டும். இடமாற்றத்தின்போதும் ஓய்வின்போதும் இச்சாலைப் பகுதிக்கும் உரிய கட்டணத்தைக் கோரலாம். சிறுதொகை என்று பலர் எழுதாமல் விடுவது இதுவே.

இருக்கன்குடியைச் சொந்த ஊராகப் பதிந்த ஹவில்தார் ஒருவர், 1,000 கி.மீ. தொலைவில் உள்ள நிலையத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்புவதாகக் கொள்வோம். அவரின் அடிப்படை ஊதியம் 39,200 ரூபாய், படைப்பணி ஊதியம் 5,200 ரூபாய். மானியத்திற்கு 39,200 மட்டுமே அடிப்படை. அதில் 80 விழுக்காடு 31,360 ரூபாய். உடைமைகளைச் சாலை வழியே அனுப்பினால் 2017 விகிதத்தில் உச்சவரம்பு 25,000 ரூபாய், 25 விழுக்காடு உயர்ந்த விகிதத்தில் 31,250 ரூபாய். சரக்குந்துக்கு அவர் 22,000 ரூபாய் கொடுத்திருந்தால் அத்தொகையே கிடைக்கும். 40,000 கொடுத்திருந்தால் உச்சவரம்பு மட்டுமே கிடைக்கும். அவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மூன்றடுக்கு ஏசிக் கட்டணம் தனி. இருசக்கர வண்டிக்கான செலவும் தனி. ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருப்பதும் கெடுவுக்குள் அனுப்புவதும் அவர் பொறுப்பு. ஊர் திரும்பி வீடு கட்டும் அலைச்சலில் கெடு தாண்டிவிட்டால் தொகையைப் பெறுவது கடினம். ஐயம் ஏற்பட்டால் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். கோரிக்கையை முடிவு செய்வது பாதுகாப்புக் கணக்குத் துறை என்றாலும், யாருக்கு எழுதுவது என்பதையாவது அங்கே அறியலாம்.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விடுப்பு முடிந்து திரும்பும் வீரரிடம் சிவகாசிப் பட்டாசு கொண்டுவரச் சொல்லி உடன்பணிபுரிவோர் கேட்பது வழக்கம். எத்தகைய வாரண்டும் இதற்கு அனுமதி தராது. பட்டாசு போன்ற ஆபத்தான பொருள்களைத் தொடர்வண்டியில் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். உடைமை எடையில் மிச்சம் இருக்கிறது என்பதும் காரணமாகாது.

நோயும் இறப்பும்

வீரர் ஒருவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பதாகப் படை மருத்துவமனை அறிவித்தால், நெருங்கிய உறவினர் அவரைக் காணச் செல்லும் பயணச் செலவை அரசு ஏற்கிறது. பணியில் இறந்தவரின் குடும்பம் ஊர் திரும்பவும், உடைமைகளைக் கொண்டுசெல்லவும் உரிமை உண்டு. போரில் இறந்தோரின் உடல்களைச் சொந்த ஊருக்கு அனுப்புவது முற்காலத்தில் பொதுவான வழக்கமன்று. பெரும்பாலும் களத்தின் அருகிலேயே இறுதிச் சடங்கு நடந்தது. 1999 கார்கில் போரின்போதே அது பெருமளவில் மாறியது.

பரம் வீர் சக்கரம் முதலிய வீரச் சக்கர விருது பெற்றோருக்கு ரயில்வே கட்டணமற்ற பயண அட்டை வழங்குகிறது. போரில் கணவரை இழந்தோருக்கு, இலங்கையில் இந்திய அமைதிப் படையில் இறந்தோரின் மனைவியர் உட்பட, சாதாரண வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 விழுக்காடு சலுகை இருந்தது. கொரோனா பரவலை ஒட்டி 2020 மார்ச்சில் மாணவர், நோயாளர், மாற்றுத்திறனாளிகள் தவிர ஏனையோரின் சலுகைகளை ரயில்வே நிறுத்தியது. முதியோருக்கான சலுகை நிறுத்தம் பெரிதும் பேசப்பட்ட அளவிற்கு இது பேசப்படவில்லை.

வான்வழிப் பயணமும் தகுதி மாற்றமும்

சாலையோ ரயிலோ எளிதாகச் செல்லாத பகுதிகளுக்கு வான்படையின் அஞ்சல் விமானங்களில் வீரர்கள் அழைத்துச்செல்லப்படுகின்றனர். லடாக்கு, வடகிழக்கு, அந்தமான் ஆகியவை இத்தகையன. தாம்பரம் வான்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சென்ற ஏஎன்-32 விமானம் 2016 ஜூலை 22 அன்று வங்கக் கடலின்மேல் 29 பேருடன் மறைந்தது. அதன் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைச் சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்கள் காட்டுவதாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

விமானத் தகுதி வெறும் சொகுசு அன்று என்பதைக் காட்டிய நிகழ்வு 2019 பெப்ரவரி 14 அன்று நடந்த புல்வாமா தாக்குதல். பனிப்பொழிவால் சம்மு - சிறிநகர் நெடுஞ்சாலை சில நாள்கள் மூடப்பட்டிருந்ததால், விடுப்பிலிருந்து திரும்பியோர் உட்பட 2,500க்கும் மேற்பட்ட மத்திய சேமக் காவல் படையினர் ஒரே வாகன அணியாகச் சென்றனர். தாக்குதலில் 40 பேர் இறந்தனர். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியையும் அரியலூர் மாவட்டம் கார்குடியையும் சேர்ந்த இருவர் அவர்களுள் அடங்குவர். அதுவரை காவலர், தலைமைக் காவலர், உதவி துணை ஆய்வாளர் ஆகிய நிலைகளில் இருந்தோருக்கு வணிக விமானத்தில் செல்லும் தகுதி இல்லை. ஒரு வாரத்திற்குப் பின், பெப்ரவரி 21 அன்று, தில்லி - சிறிநகர், சம்மு - சிறிநகர் வழித்தடங்களில் இரு திசையிலும் அவர்களுக்கும் அத்தகுதி அளிக்கப்பட்டது. பணிக்கும் விடுப்புக்கும் இது பொருந்தும். ஏறக்குறைய 7,80,000 பேர் பயன்பெறுவர் என உள்துறை அமைச்சகம் கூறியது.

சுங்கச்சாவடிகள்

1901ஆம் ஆண்டின் இந்தியச் சுங்க (தரைப்படை, வான்படை) சட்டம் பணியில் உள்ள படையினருக்கும் அவர்களுடன் செல்லும் குடும்பத்தினருக்கும் உடைமைகளுக்கும் சாலைச் சுங்கத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. மாட்டுவண்டியும் குதிரையும் செல்லும் காலத்தில் எழுதப்பட்ட இச்சட்டம், 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் வழியாக இன்றைய நான்குவழிச் சாலைகளுக்கும் பொருந்துகிறது. பணியில் இருத்தல் என்னும் நிபந்தனையே சச்சரவுகளுக்குக் காரணம். விடுப்பில் சொந்த மகிழுந்தில் வரும் வீரர் அடையாள அட்டையைக் காட்டியதும் விடப்பட வேண்டும் என எதிர்பார்க்கிறார். சாவடி ஊழியர் பணி ஆணையைக் கேட்கிறார். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே எட்டூர்வட்டம் சாவடி வழியாக ஊர் திரும்புவோருக்கும் இது பொருந்தும். விலக்கு பணிப் பயணத்திற்கு மட்டுமே, ஓய்வுபெற்றோருக்கு இல்லை என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2014இல் விளக்கியுள்ளது. சொந்த வாகனமாயினும் பணியின்பொருட்டுச் சென்றால் விலக்கு உண்டு.

பிற நாடுகள்

அமெரிக்காவில் படைத்துறையினருக்கும் பாதுகாப்புத் துறைக் குடிமைப் பணியாளருக்கும் தனித்தனியாக இருந்த பயண விதித்தொகுப்புகள் 2014 அக்டோபரில் ஒன்றாக்கப்பட்டன. அங்கே தினப்படி பணியாளரின் நிலையைப் பொறுத்ததன்று, செல்லும் ஊரைப் பொறுத்தது. இந்திய முறையிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. தளபதியும் சிப்பாயும் ஒரே ஊரில் தங்கினால் இருவருக்கும் ஒரே உச்சவரம்பு. பிரித்தானியாவில் படையினருக்கும் அவர்களின் துணைவருக்கும் தனி ரயில் அட்டை உண்டு. அதைக் கொண்டு பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி பெறலாம். சொந்தப் பயணத்திற்கும் அது செல்லும்.